திரும்பி வந்த துறவி: ஓரியூர் அருளானந்தர்



சமய வரலாற்றிலிருந்து ஒரு பொருளை எடுத்துப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது புனித அருளானந்தரின் வாழ்க்கை. போர்ச்சுகல் நாட்டில் ஜான் டி பிரிட்டோ என்ற பெயரில் பிறந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டு இறந்த இயேசு சபைக் குரு அவர். ஓரியூர் இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானை வட்டத்தில் இருக்கிறது. அந்தக் கதையைத் தென்காசியில், அதுவும் சாரலுக்காக ஊரெல்லாம் குற்றாலத்தில் கூடியிருக்கும் இந்த நாளில், எதற்காகப் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம்.

காரணம் இருக்கிறது. அருளானந்தரின் மரணத்துக்கு நேர்க் காரணமாக அமைந்தது ஒரு மறவர் தலைவரின் வீட்டில் நடந்த சம்பவம். கட்டிய பெண்ணை விலக்கி வைத்தால் பிறந்த வீட்டில் என்ன நடக்கும், ஒரு திருமண உறவு எத்தனை பேருடைய மானத்தையும் எத்தனை ஊர்களின் அமைதியையும் தாங்கி நிற்கிறது என்பதை இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிவகிரி, சொக்கம்பட்டி, ஊற்றுமலை, தலைவன்கோட்டை, நெற்கட்டும்செவல் என்று பாளையங்கள் நிறைந்திருந்த மண் இது. சென்னையிலோ லிஸ்பனிலோ இந்தக் கதையைச் சொன்னால் கொடிய மன்னர் ஒருவர் புனிதர் ஒருவரைக் கொன்றார் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே அப்படிக் கேட்க முடியாது. இன்னொரு தொடர்பு குருக்கள்பட்டி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அருளானந்தர் 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் பிறந்தார். தந்தை சல்வதோர் டி பிரிட்டோ பெரைரா பிரேசிலில் ஆளுநர் பொறுப்பேற்றுப் போனவர், அங்கேயே இறந்துவிட்டார். தாய்தான் பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் ஜான் அரண்மனையில் பணிச்சிறுவனாகச் சேர்ந்தான். இளவரசர் பேதுரு அவனுக்கு ஏறக்குறைய ஒரே வயதுத் தோழர். பதினொரு வயதையொட்டி ஜான் கடும் நோயில் விழுந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஓராண்டு முழுவதும் இயேசு சபையாரின் அங்கியை உடுத்த வைக்கிறேன் என்று தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். அரண்மனையின் பட்டுடைகளுக்கு நடுவே கருப்பு அங்கியோடு ஓராண்டு நடந்தான். குணமான பிள்ளைக்கு நேர்த்திக்கடன் உடை உடுத்திக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் நம் வீட்டுத் தாய்மார்களுக்கு அந்தப் போர்ச்சுகீசியத் தாயின் மனம் உடனே விளங்கும். அவர் செய்த ஒரே பிழை, அந்த உடை ஓராண்டோடு போய்விடும் என்று நம்பியது. 1662 டிசம்பர் 17 அன்று மகன் இயேசு சபையில் சேர்ந்தார். 1673இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டு மார்ச்சில் கப்பலேறி செப்டம்பரில் கோவா வந்திறங்கினார். போகாதே என்று தாய் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார்.

கேரளத்து அம்பழக்காட்டில் சில காலம் தங்கியிருந்துவிட்டு 1674இல் தமிழ் நாட்டுக்குள் வந்தார். இயேசு சபையாரின் மதுரை மிஷன் அப்போது ஒரு பெரிய மாற்றத்தைக் கடந்திருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவப் போதகர் இராபர்ட் தெ நொபிலி பிராமணத் துறவியைப் போல வாழ்ந்தார். அந்த வேடத்தில் இருந்தவருக்கு ஒடுக்கப்பட்ட சாதியாரின் குடிசைக்குள் போக முடியாமல் போயிற்று. அதனால் 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற இன்னொரு பிரிவு தோன்றியது. காவி உடுத்து, புலால் விலக்கி, நடந்தே ஊர் ஊராகப் போய், எல்லாச் சாதியாரோடும் பழகும் துறவிகள் அவர்கள். அருளானந்தர் பண்டாரசாமியானார். போர்ச்சுகல் பிரபு குடும்பத்துப் பிள்ளை நாளுக்கு ஒருவேளைச் சோற்றோடும் மரக்கறியோடும் தரையில் படுத்து வாழப் பழகினார். அவர் செஞ்சி, தஞ்சைப் பகுதிகளில் வேலை செய்த ஆண்டுகள் அமைதியானவை அல்ல. 1675இல் ஏகோஜி தஞ்சையைப் பிடித்தார். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். படைகள் வந்து போகும் வழியில் குடியானவர்களோடு குடியானவராக அவரும் ஓடி ஒளிந்திருக்கிறார்.

இனி மறவர் நாடு. இராமநாதபுரத்தில் அப்போது இரகுநாத கிழவன் சேதுபதி ஆண்டுகொண்டிருந்தார். சேதுபதிகளிலேயே பெரியவர் என்று சொல்லத் தகுந்தவர் அவர். தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டினார். மதுரை நாயக்கர்களின் பிடியிலிருந்து சீமையை விடுவித்தார். அப்படி ஆட்சியைக் கட்டியெழுப்புகிறவருக்கு வெளிப் பகையைவிட உட்பகைதான் பெரிய கவலை. பங்காளிகளில் யார் எந்த நாளில் யாரோடு சேர்வார்கள் என்ற அச்சம் அவரை விட்டதே இல்லை. இந்த அச்சத்தைப் புரிந்துகொள்ளாமல் ஓரியூரைப் புரிந்துகொள்ள முடியாது.

1686 மே மாதம் அருளானந்தர் மறவர் நாட்டுக்குள் வந்தார். ஜூலை நடுப்பகுதி வரையிலான இரண்டரை மாதத்துக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். ஜூலை 17 அன்று அவரையும் உபதேசியார்களையும் பிடித்துவிட்டார்கள். அவர்கள் பட்ட வதையை இங்கே விரித்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. விலங்கு மாட்டினார்கள். நீரில் முக்கி முக்கி எடுத்தார்கள். கரடுமுரடான பாறையில் வெயிலில் கிடத்தி மேலே ஏறி மிதித்தார்கள். சிவனின் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள், அவர் சொல்லவில்லை. கை கால்களைத் துண்டித்துக் கழுவேற்றத் தீர்ப்பும் ஆயிற்று.

அந்தத் தீர்ப்பை நிறுத்தியவர் கிழவன் சேதுபதி. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புனிதரின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பலர் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சேதுபதி அவரை இராமநாதபுரத்துக்கு வரவழைத்தார். உன் மதம் என்ன சொல்கிறது என்று கேட்டார். பத்துக் கட்டளைகளை அருளானந்தர் விளக்கிச் சொல்லக் கேட்டார். இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது, மீறினால் தலை தப்பாது என்று எச்சரித்து விடுதலை செய்தார். ஒரு மன்னர் தம் அதிகாரிகள் கொடுத்த மரண தண்டனையை ரத்து செய்து, எதிரே நின்ற அயல்நாட்டுத் துறவியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். 1693இல் அவர் கொடுத்த தீர்ப்பை எடைபோடும்போது இந்த 1686ஐயும் தராசில் வைப்பதுதான் நியாயம்.

அருளானந்தரை நான் உண்மையில் புரிந்துகொண்டதாக நினைப்பது இதற்குப் பிறகு வரும் நான்கைந்து ஆண்டுகளில்தான். 1687இல் மதுரை மிஷனின் நிலையை மேலிடத்தில் எடுத்துச் சொல்ல அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பழைய விளையாட்டுத் தோழர் இப்போது போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் பேதுரு. மன்னருக்கு 1689இல் வாரிசு பிறந்தது. இங்கேயே இருந்து என் மகனுக்கு ஆசானாக இரு என்று மன்னர் கேட்டார். தாய் இன்னும் உயிரோடு இருந்தார். உடம்பில் மறவர் நாட்டுத் தழும்புகள் இருந்தன. தங்கிவிட்டால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். லிஸ்பனில் இருந்துகொண்டே மிஷனுக்குப் பணமும் ஆளும் அனுப்பியிருக்கலாம். அதுவும் உண்மையான தொண்டுதான். அங்கேயும் அவர் தரையில் படுத்தார், மரக்கறி மட்டுமே உண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். லிஸ்பனில் வாழ்ந்தவர் உடம்பளவில் மட்டுமே லிஸ்பனில் இருந்தார் போலும்.

1690இல் மீண்டும் கப்பலேறினார். தலை போகும் என்று தெரிந்த நாட்டுக்கு, தலை போகும் என்று எச்சரித்த அதே மன்னர் ஆளும் நாட்டுக்குத் திரும்பினார். மரணத்தைத் தேடிப் போனார் என்று இதைச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மரணத்தைத் தேடுகிறவர் இரவில் பயணம் செய்ய மாட்டார். காட்டில் குடிசை போட்டு மறைந்திருந்து மக்களைச் சந்திக்க மாட்டார். பிடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் இடம் மாற மாட்டார். திரும்பி வந்த பின் 1691, 1692இல் அவர் இவை எல்லாவற்றையும் செய்தார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற மக்கள் அவர் கூடவே அடிவாங்கியவர்கள். அவர் கப்பலேறிய பிறகும் அதே மன்னரின் குடிகளாக இருந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டு இளவரசருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. அவருடைய புனிதம் ஓரியூர்க் கொலைக்களத்தில் தொடங்கியது அல்ல என்பதுதான் என் கருத்து. லிஸ்பன் துறைமுகத்தில் இரண்டாம் முறை கப்பலில் கால் வைத்தபோதே அது முடிவாகிவிட்டது.

இப்போது தடியத்தேவரின் வீட்டுக்கு வருவோம். தடியத்தேவர் சிறுவல்லியின் தலைவர். சேதுபதி பட்டத்துக்கே உரிமை கோரத்தக்க குடும்பம். தீராத நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் நற்செய்தி வாசகத்தைச் சொல்லி அவருக்காக மன்றாடினார், நோய் தீர்ந்தது. தமக்குத் திருமுழுக்கு வேண்டும் என்று தடியத்தேவர் கேட்டார். அருளானந்தர் ஒரே ஒரு தடையைச் சொன்னார். அவருக்கு மனைவியர் பலர் இருந்தனர். ஒருவரை மட்டும் மனைவியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. தடியத்தேவர் ஒப்புக்கொண்டார். மூத்தவரை மனைவியாக வைத்துக்கொண்டு, மற்றவர்களைச் சகோதரிகளாக எண்ணிக் குறைவில்லாமல் காப்பதாகச் சொன்னார். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் இளையவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண், அண்ணன் தம்பி வழி மகள் முறை. அவர் அழுதுகொண்டு சேதுபதியிடம் போனார்.

கிறிஸ்தவ மேடைகளில் இந்தப் பெண்ணை வில்லியாகக் காட்டும் வழக்கம் உண்டு. ஏரோதியாள் திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்ட கதையோடு ஒப்பிட்டு முடித்துவிடுவார்கள். அது அநியாயம். தாம் செய்யாத குற்றத்துக்காக, தம்மைக் கேட்காமல் எடுத்த முடிவினால், ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்த பெண் அவர். சோறும் சேலையும் குறையாது என்ற வாக்குறுதி அந்த அவமானத்தைத் துடைத்துவிடாது. பிறந்த வீட்டுக்குப் போய் முறையிடுவதைத் தவிர அந்தக் காலத்துப் பெண்ணுக்கு வேறு எந்த நீதிமன்றம் இருந்தது? 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் நாற்பத்தேழு பேர் உடன்கட்டை ஏறியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பெண்ணின் வாழ்வும் சாவும் கணவனின் நிலையோடு கட்டப்பட்டிருந்த உலகம் அது. அருளானந்தர் அந்த உலகத்துக்குள் ஒருவனுக்கு ஒருத்தி என்ற நெறியைக் கொண்டுவந்தார். அந்த நெறி உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதன் முதல் விலையைக் கொடுத்தவர் அந்த இளம்பெண் என்பதிலும் ஐயம் இல்லை. இதைச் சொல்வதால் புனிதரின் பெருமை சிறிதும் குறையாது. சொல்லாமல் விட்டால்தான் நம் நேர்மை குறையும்.

சேதுபதியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது குடும்ப மானத்தோடு நிற்கவில்லை. பட்டத்துக்கு உரிமை உள்ள ஒரு பங்காளி, சேதுபதி தடை செய்த குருவிடம் போய் மதம் மாறியிருக்கிறார். சேதுபதி வீட்டுப் பெண்ணைத் தள்ளி வைத்து உறவை முறித்திருக்கிறார். அந்தக் குருவின் பின்னால் மறவர் படைவீரர்கள் பலர் இருக்கிறார்கள். கலகத்தின் வாடை அடித்திருக்கும். தடியத்தேவர்மேல் கை வைத்தால் உள்நாட்டுப் போர் மூளலாம். குருவின்மேல் கை வைத்தால் கேட்பார் யாரும் இல்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மூன்றையும் டச்சுக்காரர்கள் 1658இலேயே போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்துவிட்டார்கள். அந்தக் கரையில் அருளானந்தருக்காக ஒரு பீரங்கி முழங்கப் போவதில்லை. ஐரோப்பியத் துப்பாக்கியின் துணையோடு வந்தவர் என்ற குற்றச்சாட்டு இவர் விஷயத்தில் நிற்காது.

1693 ஜனவரி 8 அன்று அவரைக் கைது செய்து இராமநாதபுரம் கொண்டுபோனார்கள். தலைநகரில் கொன்றால் குழப்பம் வரும் என்று நினைத்த சேதுபதி, ஓரியூரில் அதிகாரம் செலுத்திய தம்பி உடையத்தேவரிடம் அனுப்பி அங்கே முடித்துவிடச் சொன்னார். பிப்ரவரி 3 அன்று சிறையிலிருந்து அருளானந்தர் கடிதம் எழுதினார். மை இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து ஒரு துரும்பால் எழுதினார். தம்மேல் சாட்டப்பட்ட குற்றமே தமக்குப் பெருமை என்ற பொருளில் தோழர்களுக்கு விடை சொன்னார். அதில் புலம்பல் இல்லை, யாரையும் சபிக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. அந்த ஆண்டில் அது சாம்பல் புதன். தவக்காலத்தின் முதல் நாள். ஊருக்கு வெளியே ஆற்றங்கரை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர் முழந்தாளிட்டு வேண்டினார். எழுந்து, தம்மை வெட்ட வந்தவரைத் தழுவிக்கொண்டார். கழுத்தில் புனிதப் பொருள் கோத்த ஒரு கயிறு தொங்கியது. அதைத் தொட்டால் மந்திரம் பலித்துவிடும் என்று வெட்டுபவர் அஞ்சி, கையால் கழற்றாமல் வாளாலேயே அறுத்தார். தோளில் காயம் பட்டது. பிறகு தலை விழுந்தது. கை கால்களையும் வெட்டி உடலைக் கழுமரத்தில் ஏற்றினார்கள். வயது நாற்பத்தைந்து. செய்தி லிஸ்பனுக்குப் போனபோது மன்னர் நன்றி வழிபாடு நடத்தச் சொன்னார். தாய் துக்க உடையைக் களைந்துவிட்டு விழா உடையில் வந்தார். அந்தத் தாய் ஒருமுறை மகனுக்குக் கருப்பு அங்கி உடுத்தியவர் என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

அதே ஆண்டுகளில் கடலுக்கு அந்தப்புறம் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். அங்கே கத்தோலிக்கக் குருக்களை வேட்டையாடியவர்கள் யார்? கிறிஸ்துவை வணங்கிய டச்சுக்காரர்கள். வாஸ் அடிகளாருக்குக் கடைசியில் அடைக்கலம் கொடுத்தவர் யார்? கண்டியின் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர். அவரும் தொடக்கத்தில் போர்ச்சுகீசிய ஒற்றர் என்று நினைத்து அடிகளாரைச் சிறையில்தான் போட்டார். இந்து மன்னர் கிறிஸ்தவக் குருவைக் கொன்றார் என்று ஓரியூரை ஒரே வரியில் சுருக்குகிறவர்கள் யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் ஒருமுறை படிக்க வேண்டும். துறவிகளைத் துன்புறுத்தியது பெரும்பாலும் அரியணையின் அச்சம். அந்த அச்சத்துக்குத் தனி மதம் எதுவும் கிடையாது.

குருக்கள்பட்டியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். நம் மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டாரத்து ஊர் அது. ஓரியூர்க் கொலை நடந்து இருபது ஆண்டுகளுக்குச் சற்றுப் பிறகு, 1714-15இல், அங்கே ஓர் இயேசு சபைக் குருவைப் பிடித்து மரண தண்டனை விதித்தார்கள். அந்தத் தண்டனை நிறைவேறாமல் போயிற்று. குரு உயிர் தப்பினார். அவர் கான்ஸ்டன்டைன் பெஸ்கி, நம் வீரமாமுனிவர். 1710இல் கோவாவுக்கு வந்து, காமநாயக்கன்பட்டியிலும் சுற்றுப்புறத்திலும் பணி செய்துகொண்டிருந்த அவருக்கு அப்போது முப்பத்து நான்கு, முப்பத்தைந்து வயதுதான். தேம்பாவணி எழுதப்படவில்லை. சதுரகராதி இல்லை. தொன்னூல் விளக்கம் இல்லை. பரமார்த்த குருவின் கதை இல்லை. அன்றைக்கு அந்தத் தண்டனை நிறைவேறியிருந்தால் அவர் பெயர் இன்னொரு மறைசாட்சியின் பெயராக மட்டும் நின்றிருக்கும். தமிழ் மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பாடல்கள் கொண்ட ஒரு காப்பியத்தையும் தன் அகராதிக் கலையின் தொடக்கத்தையும் இழந்திருக்கும். அதே காலத்தில், முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் மதுரையை ஆண்டபோது, மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடிக்கொண்டிருந்தார். ஒரே சீமையில் ஒரு கவிஞருக்கு மன்னர் நிலம் மானியமாகக் கொடுக்கிறார். இன்னொரு வருங்காலக் கவிஞர் கொலைத் தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்புகிறார். இந்த மாவட்டத்து மாணவர்கள் இரண்டையும் ஒரே பாடமாகப் படிக்க வேண்டும். வீரமாமுனிவர் 1747இல் அம்பழக்காட்டில் காலமானார். நாள் பிப்ரவரி 4 என்று குறித்திருக்கிறார்கள். அருளானந்தர் இறந்த அதே நாள்.

அருளானந்தரை ஒன்பதாம் பத்திநாதர் 1853 ஆகஸ்ட் 21 அன்று அருளாளராகவும், பன்னிரண்டாம் பத்திநாதர் 1947 ஜூன் 22 அன்று புனிதராகவும் அறிவித்தார்கள். ரோமாபுரி அறிவிப்பதற்கு முன்பே ஓரியூர் அறிவித்துவிட்டது. அவர் குருதி சிந்திய இடத்துச் செம்மண்ணை மக்கள் மருந்தாக எடுத்துப் போகிறார்கள். முடி இறக்குகிறார்கள், ஆடு வெட்டிப் பொங்கி ஊருக்குச் சோறு போடுகிறார்கள். மறவர், கள்ளர் உட்படப் பல சமூகத்து இந்துக்கள் அங்கே நேர்ந்துகொண்டு வருகிறார்கள். எந்த மக்களின் மன்னர் அவரைக் கொன்றாரோ அந்த மக்களே அவரைக் குலதெய்வத்துக்குச் சமமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். இறையியல் படித்தவர்கள் சிலர் இந்த ஆட்டுப் பலியைக் கண்டு முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். லிஸ்பன் அரண்மனையை விட்டுவிட்டு வந்தவரைத் தங்கள் வழக்கப்படி தங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

இறுதியாக மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மதுரை மிஷன் குருக்கள் ஆண்டுதோறும் எழுதிய கடிதங்களில் பஞ்சமும் வெள்ளமும் படையெடுப்பும் சந்தை விலையும் நிறைந்து கிடக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியைப் பெர்த்ராந்து அடிகளார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அவற்றைக் கொண்டுதான் சத்தியநாதய்யர் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதினார். மறுபக்கத்தில், எஸ்.எம். கமால் தொகுத்த சேதுபதி மன்னர் செப்பேடுகள் இருக்கின்றன. குருக்களின் கடிதங்கள் ஒரு தரப்பின் சாட்சி; செப்பேடுகள் இன்னொரு தரப்பின் சாட்சி. இரண்டையும் அருகருகே வைத்து 1686க்கும் 1693க்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளை எழுத, போர்ச்சுகீசியமும் கல்வெட்டுத் தமிழும் தெரிந்த ஆள் வேண்டும். இந்த அவையில் இருக்கும் இளைஞர்களில் ஒருவர் அதற்கு முன்வந்தால், சிறுவல்லியிலிருந்து அழுதுகொண்டு இராமநாதபுரம் போன அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு முழு இயல் எழுதுங்கள்.